குறைவாக ஓடிய ஜீப்

“இறங்குங்க கீழே! இது நாங்க பேசி முடிச்ச வண்டி!”

ஜீப்பின் கதவைப் பிடித்து உலுக்கினாள் வேன்காரக்கா. டிரைவர் சீட்டில் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்த மீசைக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. ஜன்னல் வழியாகவே யார்டு முதலாளியின் கையில் முன்பணத்தைத் திணித்தார்.

“வாயால பேசினா ஆச்சா? நான் கொடுத்தாச்சு.”

ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளில் அதுதான் மணப்பெண் மாதிரி மினுங்கியது. மீட்டரில் கிலோமீட்டரும் சொற்பம். பானெட் மட்டும் வெதுவெதுவென்றிருந்தது. இப்போதுதான் நகர்த்தி நிறுத்தினேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

வேன்காரக்காவின் பழைய வேன் மலைமேட்டில் உயிரை விட்டதிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லிலும் முள்ளிலும் நடக்கிறார்கள். இன்று வாங்கும் வண்டி தப்பாக அமைந்தால் இன்னொன்று வாங்க அவளுக்கு வக்கில்லை.

“நல்லா இருப்பீங்களாய்யா நீங்க?” என்று தொடங்கி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். மீசைக்காரர் காது குடைந்துகொண்டார்.

“விடுக்கா,” என்றான் வண்டி பார்க்கக் கூட வந்திருந்த மெக்கானிக் தம்பி. “ஓரத்துல ஒண்ணு நிக்குது பாரு.”

“அதுவா? யானை மிதிச்ச தகர டப்பா மாதிரி இருக்கு!”

“பொண்ணா பாக்குறோம்? எஞ்சினைத்தானே பாக்குறோம்.”

பானெட்டில் கை வைத்தான். ஜில்லென்றிருந்தது; யாரும் முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. புகை ஒரு தும்மலோடு நின்றது. ஆயில் மூடியைக் கழற்றித் துளை மேலேயே கவிழ்த்து வைத்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து சீறும் காற்றில் மூடி குதியாட்டம் போடும். இது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நன்றாகச் சூடேறிய பிறகும் ஆயில் பிரஷர் முள் தொய்யவில்லை.

“அக்கா, கண்ணை மூடிட்டு வாங்கு!”

வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினால், மினுங்கும் ஜீப்பை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த மீசைக்காரர் கை காட்டி நிறுத்தினார்.

“இன்னும் என்ன வம்பு?” என்றாள்.

“லாரில நிக்கிற இந்த ஜீப்புக்குப் பின்னாடி நாலு ஓட்டை தெரியுதா? ஏரியல் நின்ன இடம். இது வயர்லெஸ் வண்டிம்மா. பேட்டரி சார்ஜ் ஏத்த, நின்ன இடத்துலயே நாள் முழுக்க எஞ்சின் ஓடும். கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின்தான் தேயும். சத்தம் அமுங்கக் கெட்டி ஆயில் வேற ஊத்தியிருக்காங்க.”

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். “மீட்டரைப் பாத்து மயங்கிட்டேனே!”

“அப்புறம் நீங்க ஏன் வாங்கினீங்க?” என்றாள் அக்கா.

“நான் பழைய இரும்புக்காரன். எனக்கு ஆக்சிலும் பாடியும் போதும். முதலாளி முன்னாடி உங்ககிட்ட உண்மையைச் சொன்னா, நாளைக்கு என்னை யார்டுக்குள்ளயே விடமாட்டார். அதான் முந்திக்கிட்டேன்.”

திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கைகூப்பினாள். “முன்னப்பின்ன தெரியாத எங்களுக்காக இவ்வளவு…”

“எனக்கு உங்களைத் தெரியும்மா. சாயங்காலமானா வீட்ல உங்க பேச்சுதான்.” கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். “வேன்ல உங்க சீட்டுக்குப் பின்னாடி, வாய் ஓயாம பேசிக்கிட்டே வருவாளே ஒரு ரெட்டைச் சடை… அவ என் பொண்ணு.”