இன்னும் ஒரு முயற்சி மீதம்

1

இந்தக் கதையைத் திருடினேன், அதுவும் சொந்த அக்காவிடமிருந்து. அத்தான் மருத்துவமனையில் இருந்த கடைசி மதியம், அக்கா மருந்து வாங்கித் திரும்பியபோது அவர் போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிவுசெய்துகொண்டிருந்தார். "உனக்குத்தான். வீட்டுக்குப் போய்க் கேளு" என்றாராம். அவர் வீட்டுக்கு வரவில்லை. போன் வந்தது. அதைத் திறக்கும் ஆறு இலக்க எண் வரவில்லை.

பத்து முறை தப்பாக அழுத்தினால் போன் எல்லாவற்றையும் அழித்துவிடும். பிறந்த நாட்கள், கல்யாண நாள் என்று அக்கா ஏழு எண்களை முயன்றாள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி அடித்திருக்கிறாள். மூன்று மீதம் இருக்கும்போது போனைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எனக்கோ கை சும்மா இருக்காது. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: அவர் வேலையில் சேர்ந்த தேதியை அழுத்தியதும் அவள் விரல்

(வேண்டாம். சினிமாத்தனம்.)

இரண்டாம் தொடக்கம்: அவருடைய முதல் ஸ்கூட்டரின் நம்பர், கூடவே இரண்டு சைபர். அவள் மெதுவாக

(இதையும் அடித்துவிட்டேன்.)

3

மறுநாள் அக்காவும் நானும் போனை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம்.

"போனத் திறக்கற சாவி இதுக்குள்ள இருக்கற சிப்புலயே உருவானதுங்க. ஒரு தடவகூட வெளிய வந்ததில்ல. கழட்டி வேற போன்ல வச்சாலும் வாயத் திறக்காது" என்ற கடைக்காரர் திரையைக் காட்டினார். ஒரு முயற்சி மீதம்.

"மூணு இருந்துச்சே!" என்றாள் அக்கா. "அலமாரிச் சாவி என்கிட்டதான இருக்கு."

"சிப்பு தப்பா எண்ணாதும்மா. யாரோ ரெண்டு தடவ போட்டிருக்காங்க."

முந்தின நாள் எழுதிய இரண்டு தொடக்கங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

[பக்கக் குறிப்பு: அந்தச் சிப் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. அதற்குத் தெரிந்தது இரண்டே வேலை: ரகசியம் காப்பது, தப்பை எண்ணுவது. கதையில் எழுதி அடித்தது, அடிக்காதது என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது போலிருக்கிறது.]

4

அக்காவின் வீட்டுக்குப் போனதும், கதையில் இரண்டு எண்களை எழுதியதை ஒப்புக்கொண்டேன். பைத்தியமா என்று திட்டுவாள் என நினைத்தேன்.

"என்னென்ன நம்பர் எழுதின?"

சொன்னேன். நோட்டை எடுத்து இரண்டையும் எழுதி, அடித்தாள்.

"ஸ்கூட்டர் நம்பரத்தான் கடைசியா போடலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். அப்புறம், "உன் கதையில போன் திறக்குமாடா?"

வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

5

முடிவு அ: போன் திறக்கிறது, அத்தானின் குரல் கேட்கிறது. இதை எழுத ஓர் எண் வேண்டும். எழுதினால் சிப் அதையும் எண்ணிவிடும்.

முடிவு ஆ: எல்லாம் அழிகிறது. அதற்கும் ஓர் எண் வேண்டும்.

ஆகவே காலியாக விடுகிறேன்.

□ □ □ □ □ □

நீங்கள் கட்டங்களைத் தாண்டி இந்த வரிக்கு வந்த நேரத்தில் அக்கா அழைத்தாள்.

"டேய், போன் திரை தானா எரியுது. அஞ்சு கட்டம் நிறைஞ்சிருக்கு. நீ எழுதறியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

இங்கே வேறு யாரும் இல்லை, உங்களைத் தவிர. காலிக் கட்டத்தைப் பார்த்தால் மனசு எதையாவது போட்டுப் பார்க்கத்தான் செய்யும், உங்கள்மேல் தப்பில்லை. ஆறாவதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அத்தானை உங்களுக்குத் தெரியாது. அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.