இடது பக்கம் பாடவில்லை

லியூபிங்காவுக்காக என் புருஷன் மிலுதின் சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டபோதுதான் எனக்கு முதன்முதலில் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து ஊதக்காற்றுக்குப் பயந்து செத்துக்கொண்டிருக்கிற மனிதன் அவன். கோடையில் பேருந்து ஓட்டும்போதுகூட எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பயணிகள் வெந்து சாகட்டும் என்று ஓட்டியவன். எங்கள் நிஷ் நகரத்தில் ஊதக்காற்றுக்குப் பயப்படாதவர்கள் யாருமில்லை, நானும் பயப்படுகிறவள்தான். ஆனால் நான் மீன் பொரித்து வீடே புகைந்து கண் எரிந்தாலும் "ஜன்னலத் தொடாத தெசா, கழுத்து பிடிச்சுக்கும்" என்பான். அப்பேர்ப்பட்டவன், ரேடியோவில் ஈயம் பற்றவைத்த புகையில் அவள் லேசாக இருமினாள் என்று, அக்டோபர் மாதத்தில் ஜன்னலை அகலத் திறந்துவைத்தான். ஹால் கதவும் திறந்துகிடந்தது. குளிர்காற்று வீட்டுக்குள் புகுந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

எல்லாம் அந்தப் பழைய ஸ்டீரியோ ரிசீவரால் வந்த வினை. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் அடங்கிய செட். முகப்பில் அலுமினியத் தகடு, பச்சை வெளிச்சத்தில் நகரும் ஊசி, தூக்கினால் இடுப்பு ஒடியும் கனம். கல்யாணமான புதிதில் எல்லை தாண்டி த்ரியெஸ்தே போய் வாங்கி, சுங்கக்காரர்கள் ரயிலில் ஏறியபோது நான் அதன்மேல் போர்வையைப் போட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி முனகிக்கொண்டு உட்கார்ந்து கொண்டுவந்தது. இத்தனை வருஷம் ஒழுங்காகப் பாடியது, போன மாதம் இடது பக்கம் கரகரக்க ஆரம்பித்து அப்புறம் அடியோடு நின்றுவிட்டது. வலது பக்கத்தில் பாடகி மட்டும் பாடுவாள், இடது பக்கத்து அக்கார்டியன் எங்கே போனதென்று தெரியாது. மிலுதின் செட்டின் தலையில் தட்டிப் பார்த்தான். தட்டினால் ஒரு நிமிஷம் பாடும், மறுபடி ஊமையாகிவிடும். ஓய்வு பெற்றதிலிருந்து எதிலும் மனசு ஒட்டாமல் சோபாவில் கிடந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று நான்தான் சந்தோஷப்பட்டேன். நான்காவது மாடிக்கு வசந்தத்தில் குடிவந்த லியூபிங்கா ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவளாம், கேட்டுப் பாரேன் என்று சொன்னவளும் நான்தான். என் வாயில் புண் வந்திருக்கக் கூடாதா!

முதல் சனிக்கிழமை அவள் வந்தபோது மிலுதின் வாசலில் நின்று, "வாங்க, நீங்க ஷூவெல்லாம் கழட்ட வேணாம்" என்று குழைந்தான். அவள் கழற்றினாள். உடனே ஓடிப்போய், ஜெர்மனியில் இருக்கும் எங்கள் மகளுக்காக அலமாரியில் வைத்திருக்கும் கம்பளிச் செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தான். விருந்தாளிகளுக்கென்று வாசலில் வரிசையாய் இருக்கிறதே, அதெல்லாம் ஆகாதாம். அடுத்த சனிக்கிழமை "நீங்க" போய் "நீ" வந்தது. அதற்கடுத்த வாரம் லியூபிங்கா போய் "லியூபா" வந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

அவள் அழகியாக இருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாகவே இருப்பாள். சிரித்தால் முன்பல்லில் தங்கம். பேச்சும் அதிகமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் பேசாமலே ஒரு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் குனிந்து கிடப்பார்கள். அவன் மேஜை விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்திருப்பான், அவள் கை போகிற இடத்துக்கு வெளிச்சமும் போகும். அவள் கேட்க வேண்டியதில்லை. என் கையிலிருந்து உப்பு ஜாடி நழுவுகிறது என்று கத்தினால்கூட டிவியிலிருந்து திரும்பாத மனிதன் இவன்.

"இங்க பாரு," என்றாள் அவள் ஒருநாள், விரல்நுனி அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியை வெளியே எடுத்து. "இந்த ரிலேதான், ஸ்பீக்கருக்குச் சத்தத்த விடுற சுவிட்சு. உள்ள தொடுற இடம் ரெண்டும் கறுத்துப் போயிருக்கு. தட்டுனா ஒட்டிக்குது, விட்டா பிரிஞ்சுக்குது."

"மனுஷங்க மாதிரின்னு சொல்லு," என்றான் மிலுதின். அவள் சிரித்தாள். இந்த ஆளுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அதைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்றதும், என் அண்ணன் ஊரிலிருந்து அனுப்பிய பிளம் ராக்கியாச் சாராயத்தை எடுத்து நீட்டினான். "இது தொண்டையத் துடைக்கத்தான் ஆகும்" என்று அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, தன் பையிலிருந்து வேறு புட்டியை எடுத்தாள். துணிக்கீற்றை நனைத்து நடுவில் விட்டு மெதுவாக இழுத்தாள். தளர்ந்திருந்த இணைப்புகளில் புது ஈயம் வைத்தாள். மூடி போடாமலே செட்டைப் போட்டதும் இரண்டு பக்கமும் பாட்டு கிளம்பியது. அக்கார்டியன் என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மிலுதின் அவளை இழுத்துக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தான். மூன்று என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனாலும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அதோடு தொலைந்தது என்று நிம்மதியாக இருந்தேன். செட் நன்றாகப் பாடியது, அவன்தான் பாட்டைக் கேட்கவில்லை. மறுபடி சோபா, மறுபடி டிவி. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் தலை தூக்குவான். அடுத்த சனிக்கிழமை நான் குளிர்காலத்துக்கு ஐவார் விழுது போடுவதற்காகச் சுட்ட குடைமிளகாயை மலையாகக் குவித்து வைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது, ஹாலிலிருந்து வந்து நின்றான்.

"மறுபடியும் போயிடுச்சு தெசா. இப்ப ரெண்டு பக்கமும் சத்தமில்ல."

"நேத்து பாடுச்சே?"

"நேத்து பாடுச்சு, இன்னைக்கு பாடல. பழைய செட்டுன்னா அப்படித்தான். லியூபாவக் கூட்டிட்டு வரேன்." சட்டை மாற்றிக்கொண்டு போனான். இரண்டு மாடி ஏறுவதற்குச் சட்டை!

கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து ஹாலுக்குப் போனேன். செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. குமிழைத் திருப்பினால் ஊசி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் துள்ளியது. உயிர் இருக்கிறது, குரல்தான் இல்லை. முகப்பில் வரிசையாக இருந்த பொத்தான்களைப் பார்த்தேன். டேப் பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தது.

அந்தப் பொத்தானை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இளவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோப் பாட்டை கேசட்டில் பதிவுசெய்வோம். அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கையைத் தூக்குவான், பதிந்ததைப் போட்டுக் கேட்க நான் இந்தப் பொத்தானில் விரல் வைத்துக் காத்திருப்பேன். அது உள்ளே அழுந்தியிருந்தால் செட் கேசட் கருவியை மட்டும்தான் கேட்கும், ரேடியோவைத் திரும்பிப் பார்க்காது. கேசட் கருவியை மகள் ஜெர்மனி போன வருஷமே குப்பையில் போட்டாயிற்று. இது எனக்குத் தெரிந்தால் மிலுதினுக்கும் தெரியும். அழுத்தி விடுவித்தேன். பாட்டு இரண்டு பக்கமும் பீறிட்டு வந்தது. மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சட்டென்று பொத்தானைத் திரும்ப உள்ளே அழுத்திவிட்டு, வந்து மிளகாய் முன்னால் உட்கார்ந்தேன். பிடிபட்டவள் நான்தான் போலிருந்தது.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளும் இதில் கூட்டா இல்லையா என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையில் வாழ்க்கையைக் கழித்தவள் அந்தப் பொத்தானைப் பார்க்காமல் இருக்க முடியாது. கேலி பண்ணிக்கொண்டே அதைத் தட்டிவிட்டால் ஒரு கதை. கண்டும் காணாமல் மூடியைக் கழற்ற உட்கார்ந்தால் வேறு கதை.

இரண்டு பேரும் வந்தார்கள். மிலுதின் செட்டைத் தூக்கிவந்து, மிளகாயை ஒதுக்கி, மேஜையில் என் எதிரே வைத்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். அவள் கண் பொத்தானில் இருந்தது. அப்போதுதான் நானும் பார்த்தேன், வெள்ளி நிறப் பொத்தானின்மேல் மிளகாய்ச் சாறு சிவப்பாகத் தீற்றியிருந்தது. அவள் நிமிர்ந்து என் விரல்களைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. பிறகு, புதுச் சட்டையில் விளக்கைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்கும் மிலுதினை. அவள் முகம் மெல்லச் சிவந்தது.

கட்டைவிரலால் அந்தச் சிவப்பை அழுத்தித் துடைத்தாள். பொத்தானை விடுவிக்கவில்லை.

"என்னால முடியாது மிலுதின்," என்றாள். "நீங்க வேற யார்கிட்டயாவது காட்டுங்க."

"என்ன லியூபா, திறந்துகூடப் பாக்கலயே?"

"அடுப்புல சூப் இருக்கு." செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு படியேறிப் போனாள். ஸ்க்ரூடிரைவர் மேஜையிலேயே கிடந்தது.

அவளைத் திட்ட இனி எனக்கு வழியில்லாமல் போயிற்று. அதற்காகவும் அவள்மேல் பொறாமையாக இருந்தது. மிலுதின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். விளக்கு அவன் கையில் எரிந்துகொண்டிருந்தது. கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் முன்னால் வந்து நின்றது ஒன்றுதான். என்னைப் பக்கத்தில் உட்காரவைக்க இந்த மனிதன் என்றைக்காவது ஒரு பொருளைக் கெடுத்திருக்கிறானா? ஒரு பொய்யாவது சொல்லியிருக்கிறானா?

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"என்ன பண்ற?" என்றான்.

"பழுது பாக்கப் போறேன்."

"உனக்கு என்ன தெரியும் தெசா?"

"வெளிச்சம் காட்டு."

திருகுகள் இறுக்கமாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி மிளகாய்த் தட்டின் ஓரத்தில் போட்டேன். அவன் "வேண்டாம்" என்று சொல்லவில்லை, பொத்தான் பக்கம் கையும் நீட்டவில்லை. மூடியைத் தூக்கினேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது, அவள் வைத்த ஈயப் புள்ளிகள் பளபளத்தன. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குனிந்தேன்.

"கிட்ட வா. இன்னும் கிட்ட," என்றேன்.

அவன் என் தோளுக்கு மேலே விளக்கை நீட்டினான். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காமல், கம்பிகளின்மேல் நடுங்கிக்கொண்டே என் விரல் போன இடமெல்லாம் வந்தது.