பெடியளுக்குச் சமைத்தவர்

பாரமட்டாவில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு அன்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அகதி விசா மறுக்கப்பட்ட ஒருவருக்கு, மறுத்த கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். புஸ்பராணி அம்மா முல்லைத்தீவிலிருந்து படகில் வந்தவர். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்து விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

“என்னைத் திருப்பி அனுப்பப் போகினமோ, பிள்ளை? அங்கை போனா ஆமி என்னை விடாது,” என்றார் உட்காரும்போதே.

“வாசிச்சிடறேம்மா,” என்றேன்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘முதல் விசாரணையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்ததாகச் சொன்னார். இப்போது போராளிகளுக்குச் சமைத்ததாகவும், அதனால் ராணுவம் தேடுவதாகவும் சொல்கிறார். கதையை மாற்றுகிறவரை நம்ப முடியாது.’

அம்மா பதறிப்போனார். “நான் எங்கை பள்ளிக்கூடம் எண்டனான்? பெடியளுக்குச் சமைச்சுக் குடுத்தனான் எண்டுதானே அண்டைக்கும் சொன்னனான்!”

“பெடியள்னா சின்னப் பசங்கதானேம்மா?”

“ஐயோ, எங்கடை பக்கம் பெடியள் எண்டா இயக்கப் பெடியள். அது ஆருக்குத் தெரியாது?”

எனக்குத் தெரியாது. ஆறு வருடங்களுக்கு முன் அந்த விசாரணையைத் தொலைபேசியில் மொழிபெயர்த்தது நான்தான். முகம் தெரியாத ஒரு குரல், பெரிய கிடாரத்தில் பெடியளுக்குச் சமைத்தேன் என்றது. கிடாரம், பையன்கள் என்றால் மதுரைக்காரிக்குச் சத்துணவுக் கூடம்தானே ஞாபகம் வரும்? பள்ளிப் பிள்ளைகள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். யார் அந்தப் பையன்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். தமிழில் எனக்குத் தெரியாததா என்ற திமிர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது நான், இடுப்பொடிந்தது இந்த அம்மாவுக்கு.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். பிறகு வக்கீலிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வேலை போனால் போகட்டும், கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்கிறேன் என்று கேவிக் கேவி அழுதேன்.

வக்கீல் நல்ல வெள்ளைக்காரப் பெண். கோப்பைப் புரட்டி, அந்த விசாரணையின் பதிவில் முதல் பக்கத்தை எடுத்துக் காட்டினார். அதிகாரியின் முதல் கேள்வி: மொழிபெயர்ப்பாளர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா? பதில்: ஆம்.

“இந்த ஒரு சொல்லை வைத்தே நம் வாதத்தை உடைத்துவிடுவார்கள். ஏன் ஆம் என்றார் என்று கேளுங்கள்,” என்றார் வக்கீல்.

கேட்டேன். அம்மா என்னை நேராகப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தேவலை.

“விளங்கினதுதானே, பிள்ளை. நீங்கள் கதைச்சது ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கினது. நான் கதைச்சது உங்களுக்கு விளங்கினதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே.”

அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். வக்கீல் இது போதாது என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, எதுவும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

அம்மா என் கையைப் பிடித்தார்.

“லோயர் என்னவாம், பிள்ளை?”