ஊற்றுத்தடம்

முன்சக்கரம் வாரி எறிந்த சேறு நேராக வாய்க்குள் வந்து விழுகிறது, துடைத்துக்கொள்ளக் கையை எடுக்க முடியாது, விரல்கள் பிரேக்கின் மேல் இருக்கின்றன, சரிவு கீழே கீழே என்று இழுக்கிறது, மக்கிய இலையும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு ருசி நாக்கில் பரவுகிறது, எனக்கு முன்னால் பெலிக்ஸ், அவன் முதுகு முழுக்கச் சேறு, ஏய் வேர் இருக்கு, வேர் இருக்கு, இடது பக்கம் ஒடி என்று கத்துகிறான், நான் ஒடிக்கிறேன், பின்சக்கரம் ஒரு நொடி எனக்குச் சொந்தமில்லாமல் வழுக்கிப் போய் மறுபடி என்னிடமே வந்து சேர்கிறது, நான் சிரிக்கிறேன், வாயில் சேற்றை வைத்துக்கொண்டே சிரிக்கிறேன், அது ஐப்பசி, கல்யாணமாகி முதல் வருஷம், அல்லது இரண்டாவதோ, கொடைக்கானல் மேல்மலையில் மழை பதினோரு நாளாக விடவில்லை, வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி அட்டைகள், கறுப்புத் திராட்சை மாதிரி உப்பிப்போய், பெலிக்ஸ் உப்பு டப்பாவோடு என் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதிர்க்கிறான், ரத்தம் பாதத்தில் கோடு போட்டு இறங்குகிறது, உனக்கு அருவருப்பா இல்லையா என்கிறான், இல்லை என்கிறேன், அது பொய்யில்லை, அருவருப்பு என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது, அது நல்ல சோப்பு வாசனையோடு வரும், அதற்கு அழகாகப் பேசத் தெரியும், ஒருநாள் அது என் வாயிலிருந்தே ஒற்றைச் சொல்லாக வெளியே வரும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்.

பெலிக்ஸ் பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான், பஞ்சர் ஒட்டுவான், வாடகைக்கு விடுவான், நான் எங்கள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர், ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து மாத்திரை கொடுப்பவள், மாத்திரைக்காரம்மா என்றுதான் ஊரில் பெயர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் சுவரோரம் சாத்தி வைத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவோம், புல்மேட்டு உச்சியிலிருந்து சோலைக்காட்டுக்குள் நுழைந்து, கீழே பளியர் என்கிற மலைச்சனங்களின் குடியிருப்பு வரைக்கும் நாலு கிலோமீட்டர் இறங்கும் ஒற்றையடிப் பாதை அது, அந்த ஜனங்கள் நடந்து நடந்து உண்டாக்கியது, நடுவில் ஒரு பாறைக்கடியில் ஊற்று இருந்ததால் ஊற்றுத்தடம் என்பார்கள், தை மாதத்தில் உச்சிப்புல் முழுக்க உறைபனி, சக்கரம் ஏறும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும், விரல் மரத்துப்போய் கியர் மாற்றினேனா இல்லையா என்றே தெரியாது, பங்குனியில் புழுதி, வியர்வையில் ஒட்டி முகமெல்லாம் மஞ்சள் பூசினது மாதிரி ஆகிவிடும், முள்ளுப்பழம் பறித்துத் தின்று உதடு ஊதாவாக இருக்கும், ஆனி ஆடியில் காற்று, மேகம் பாதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும், முன்னால் போகிறவனின் சக்கரச் சத்தத்தை மட்டும் நம்பிப் போக வேண்டும், அப்புறம் திரும்ப மழை, எந்தப் பருவமானாலும் ஊற்றில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, குப்புறப் படுத்து மாடு குடிக்கிற மாதிரி குடிப்போம், பல் கூசும், பளியர் பெண்கள் சிலர் விறகுக் கட்டோடு அங்கே இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள், பேச்சியக்கா என்று ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், என்னைப் பார்த்து ஒருமுறை, இறங்குறதுக்கு வண்டி, ஏறுறதுக்கு நீ வண்டியச் சுமக்குற, இதுல என்ன தாயி சொகம் என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தோம், பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

பெலிக்ஸ் ஹெல்மெட்டில் கேமரா கட்டிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கி, அதைப் படமாக இணையத்தில் போட்டான், நான்தான் எந்தத் துண்டை வெட்டலாம், எதை வைக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், அதை மறைப்பதற்கில்லை, மூன்றே மாதத்தில் ஜனம் வர ஆரம்பித்தது, புதிதாக வந்த ரிசார்ட்காரர்கள் அவனை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள், பாதைக்குப் பேரடைஸ் டிரெயில் என்று பலகை வைத்தார்கள், வளைவில் இடைஞ்சல் என்று இரண்டு சோலை மரங்களை வெட்டினார்கள், தாவிக் குதிப்பதற்கு மண்மேடு போட்டார்கள், வருகிறவர்கள் எல்லோரும் குளித்துச் செண்டு அடித்துக்கொண்டு வந்தார்கள், போகும்போது பீர் பாட்டிலைப் பாறையில் அடித்துவிட்டுப் போனார்கள், ஊற்றைச் சுற்றி ஈரக் காகிதம், பிஸ்கட் உறை, பாறைக்குப் பின்னால் மனித மலம், ஒன்றல்ல, வரிசையாக, ஈ மொய்த்துக்கொண்டு, காட்டுமாட்டின் சாணியில் புல்வாசம்தான் வரும், இது அப்படியில்லை, பெலிக்ஸ், இவங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன், சொல்லித்தான் கூட்டிட்டு வர்றேன், விருந்தாளியைப் பிடிச்சு நான் என்ன அடிக்கவா முடியும், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ என்றான், அவன் கையிலும் அப்போது ரிசார்ட் சோப்பின் வாசனை வர ஆரம்பித்திருந்தது, நான் திங்கட்கிழமைகளில் வேலை முடிந்து சாக்குப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கினேன், ஒவ்வொரு தடவையும் குமட்டும், பொறுக்கிக்கொண்டே அவர்களைத் திட்டுவேன், திட்டத் திட்ட எனக்கு ஏதோ நான் மட்டும் சுத்தமானவள் என்று ஒரு நினைப்பு வரும், இப்போது நினைத்தால் அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விடக் குமட்டுகிறது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ரிசார்ட் விருந்தாளிகளுக்குள் சைக்கிளில் சரிவிறங்கும் பந்தயம் வைத்தார்கள், பன்னிரண்டு பேர், மழை வெறித்துப் பளிச்சென்று வெயில் அடித்த காலை, பெலிக்ஸ் என்னை ஊற்றுக்குக் கீழே இருக்கிற வளைவில் நிறுத்தினான், கையில் சிவப்புக்கொடியும் விசிலும் கொடுத்து, யாராச்சும் கீழேயிருந்து நடந்து வந்தா நிறுத்தி வை, மேலே கொடி காட்டு, வேற ஒண்ணுமில்ல என்றான், ஏழு பேர் போனார்கள், எட்டாவது ஆளுக்காகக் காத்திருக்கும்போது ஊற்றைத் திரும்பிப் பார்த்தேன், தண்ணீரில் குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர் ஒன்று ஊறி, பெருத்து, வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது, என்னால் தாங்க முடியவில்லை, நான் வாய் வைத்துக் குடித்த தண்ணீர், கொடியைக் கீழே போட்டுவிட்டுப் பாறைக்கு ஏறினேன், குச்சியால் இழுத்தேன், வரவில்லை, கையை விட்டேன், அது கிழிந்து உள்ளேயிருந்ததெல்லாம் தண்ணீரில் கரைந்து பரவுகிறது, ச்சீ ச்சீ என்று சொல்லிக்கொண்டே அள்ளுகிறேன், முதுகுக்குப் பின்னால் டயர் கிறீச்சிடும் சத்தம், விறகு உடைகிற மாதிரி ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால் விறகுக் கட்டு சிதறிக் கிடக்கிறது, நடுவில் பேச்சியக்கா, ஒரு கால் மடங்கக் கூடாத திசையில் மடங்கியிருக்கிறது.

நான் ஓடினேன், ஓடினேன் என்றுதான் ஞாபகம், ஆனால் எனக்கு முன்னால் பெலிக்ஸ் வந்துவிட்டான், அவன் கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டியவன், எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தான் என்று தெரியவில்லை, இடித்தவன், தாடி வைத்த ஒரு ஆள், அவனுக்கு முழங்கையில் சிராய்ப்புத்தான், எழுந்து நின்று தன் சைக்கிளைப் பார்த்து ஃபோர்க் போச்சு, ஃபோர்க் போச்சு என்கிறான், சைக்கிள் புதருக்குள் கிடந்தது, பெலிக்ஸ் தன் வண்டியிலிருந்து குதித்தவன் நேராகப் புதருக்குப் போனான், சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தினான், முன்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கோணலா நேரா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், அதற்கப்புறம்தான் திரும்பினான், எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடி இருக்கலாம், அவன் கெட்டவனில்லை, பிறகு பேச்சியக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் மூச்சிரைக்க ஓடினதும் அவன்தான், ஆனாலும் அந்தச் சக்கரம் என் கண்ணுக்குள் சுற்றுவதை நிறுத்தவே மாட்டேனென்கிறது.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டு, காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, விபத்துப் பதிவேட்டைத் திறந்தார், எப்படி ஆச்சு என்றார், பெலிக்ஸ் கொஞ்சமும் தயங்கவில்லை, விறகுக் கட்டோட வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர், நல்லவேளை நாங்க அந்தப் பக்கம் இருந்தோம் என்றான், டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நீங்க பார்த்தீங்களா, பேச்சியக்கா கண்ணை மூடிக் கிடந்தாள், என் நகக்கண்ணில் இன்னும் அந்தப் பிசுபிசுப்பு இருந்தது, ஆமா மேடம் என்றேன், அவ்வளவுதான், பேனா தாளில் உரசியது, முடிந்துவிட்டது, வீட்டில் பெலிக்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவான குரலில், கேஸுன்னு போனா கொடி யார் கையில இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க, உன் வேலை என்னாகும், உனக்காகத்தான் சொன்னேன் என்றான், அவன் சொன்னது சரி, எனக்குள்ளே ஏதோ ஒன்று அவனுக்கு நன்றி சொன்னது, அதைக் கேட்டதும் எழுந்து போய் வாந்தியெடுத்தேன், அதற்குப் பிறகு அவன் கையால் பரிமாறினால் சோறு இறங்காது, என் கையால் பிசைந்தாலும் இறங்காது.

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே பேச்சியக்கா, அக்குளில் கட்டை, இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும், சீட்டை நீட்டினாள், கால் எப்படிக்கா இருக்கு என்றேன், இருக்கு என்றாள், இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டுப் போடணும் என்று மாத்திரை உறையில் கோடு போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போகவில்லை, பின்னால் யாரும் நிற்கவில்லை, அன்னைக்கு ஆமான்னியே மாத்திரைக்காரம்மா, நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன் என்றாள், அவள் கோபமாகப் பேசவில்லை, கோபமாகப் பேசியிருக்கலாம், வலிக்குது, அது கெடக்கட்டும், எலும்பு கூடிரும்னு சொல்றாக, எம்மவன் தெனமும் ஏசுறான், பொறந்ததுலயிருந்து நடக்குற தடத்துல வழுக்கி விழுந்தியா, கண்ணு தெரியலையா, இனிமே காட்டுக்குப் போகாதேங்குறான், எங்க சனமெல்லாம் அதையே சொல்லுது, பேச்சிக்கு வயசாயிருச்சு, தடம் மறந்துபோச்சுன்னு, சைக்கிளுதான் இடிச்சுதுன்னேன், ஆஸ்பத்திரியில எழுதியிருக்கேங்குறாக, என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், நான் அந்தத் தடத்துல ஒருநாளும் விழுந்ததில்ல தாயி.

அன்றைக்கு மத்தியானமே டாக்டரம்மாவிடம் போய் நின்றேன், அவர் நான் சொல்லச் சொல்லப் பேனாவை மூடி வைத்தார், எழுதிக் குடுங்க, போலீசுக்கு அனுப்பணும், உங்க மேலயும் விசாரணை வரும் என்றார், எழுதிக் கொடுத்தேன், கொடி என் கையில் இருந்தது என்பதை முதல் வரியாக எழுதினேன், பெலிக்ஸிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை, ஏதோ என் மேல் மொய்ப்பதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான், உனக்கு என்னைப் பிடிக்கலேன்னா நேரா சொல்லியிருக்கலாமே என்றான், பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான், இன்னும் வீட்டில்தான் இருக்கிறான், ஒரே கூரை, பேச்சில்லை, ரிசார்ட்காரர்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவனை யாரென்றே தெரியாது என்று போலீசில் சொன்னார்களாம், அதைக் கேட்டும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அவன் மேல் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததும் பிடிக்கவில்லை.

எழுதிக் கொடுத்த மறு ஞாயிறு நான் மட்டும் புல்மேட்டுக்குப் போய் அங்கிருந்து ஊற்றுத்தடத்தில் இறங்கினேன், வேகமாகவே இறங்கினேன், மெதுவாக இறங்கினால் திரும்பிவிடுவேன் என்று பயம், குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள், பேச்சியக்கா தைலப்புல் கட்டிக்கொண்டிருந்தாள், அவள் மகன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான், நான் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இவங்க விழல, சைக்கிள்தான் வந்து இடிச்சது, நிறுத்தி வைக்க வேண்டியவ நான், நான் அந்த இடத்தில இல்ல, அப்புறம் டாக்டர் கிட்டப் பொய் சொன்னேன், இப்ப மாத்தி எழுதிக் குடுத்துட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன், மகன் கத்தியைக் கீழே வைத்தான், என்னைப் பார்த்துக் காறித் தரையில் துப்பினான், எச்சில் என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது, பேச்சியக்கா அவனைப் பார்த்து, என்னைப் பார்க்கவேயில்லை, கேட்டுக்கிட்டியா, நான் விழல என்றாள், எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து மறுபடியும் சொன்னாள், நான் விழல, பிறகு தைலப்புல்லை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள், நான் அங்கே நின்றுகொண்டிருப்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லை.

நாலு கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினேன், ஊற்றில் நிற்கவில்லை, புல்மேட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்து புல்லெல்லாம் செம்பு நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது, காற்றில் மழை இல்லாத சுத்தமான குளிர், பாதை கீழே ஈரமாக, வெறிச்சென்று, யாருமில்லாமல் இறங்கிக் கிடக்கிறது, நான் அழுவேன் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை, என் இரண்டு விரல்கள் தாமாகப் போய் பிரேக்கின் மேல் உட்கார்ந்துகொண்டன, தொடை இறுகியது, உடம்பு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல, இன்னொருதரம் இறங்கு, இன்னும் ஒரே ஒருதரம் என்கிறது, அந்த ஆசையைக் கண்டு எனக்குக் குமட்டியது, வாயெல்லாம் உமிழ்நீர் ஊறித் துப்பினேன், துப்பித் துடைத்துக்கொண்டு மறுபடியும் கீழே பார்த்தேன், ஆசை அங்கேயேதான் இருந்தது.