காற்று முடியும் இடம்

சி.டி. பிளேயரின் மூடியைத் திறந்துவிட்டாள். ஆனால் தட்டின் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பெட்டி சன்னலோரம் இருக்கிறது. தூசி துடைத்ததைத் தவிர அவள் அதைத் தொட்டதில்லை.

"மினுங்குற பக்கம் கீழம்மா," என்றாள் நர்ஸ், தன் பையை மூடிக்கொண்டே. "எழுத்து இருக்கிறது மேல."

கட்டிலில் கணவரின் வாய் திறந்தே இருந்தது. ஒவ்வொரு மூச்சும் தொண்டையில் உரசிக்கொண்டு உள்ளே போய், சற்று நின்று, பிறகு வெளியே வந்தது. காலையிலிருந்து அவர் கண் திறக்கவில்லை.

"பையன் எங்க?"

"மருந்துக் கடைக்குப் போயிருக்கான். வர அரை மணி, ஒரு மணி ஆகும்."

"நீங்க பக்கத்துலயே இருங்க. காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க." நர்ஸ் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏதோ வேற பாஷையா இருக்கே. அவருக்குப் புடிச்ச பாட்டா?"

"பாட்டுன்னு அவருதான் சொல்லுவாரு."

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய தாளில் 2.40 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நர்ஸ் போனாள். கதவு சாத்திய கையோடு அவள் பொத்தானை அழுத்தினாள்.

இருபத்தாறு வருடம் அவர் ஓர் இசையரங்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். சேர் போடுகிறவர் என்பதால் அங்கே எல்லோரும் அவரை 'சேர்மன்' என்று கூப்பிட்டார்கள். வீட்டில் மகனும், "சேர்மன் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பான். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து பதின்மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. மூன்று நாள் ஒத்திகை. காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்கு மெல்லிய சத்தங்களெல்லாம் அவர்கள் வாசிப்பில் இருந்தன. ஒரு நாற்காலி கிறீச்சிட்டாலும் எல்லாம் பாழ். அவர் தரையில் உட்கார்ந்து நானூறு நாற்காலிக்கும் திருகாணியை முடுக்கி, காலுக்கு ரப்பர் ஒட்டினார். கச்சேரி அன்று பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். முடிந்தபின் நாற்காலியை அடுக்க வேண்டியிருந்ததால் அவரால் போக முடியவில்லை. கடைசிவரை கேட்டார். ஊருக்குக் கிளம்பும்போது அவர்கள் இந்தத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு விடுமுறை நாளும் மத்தியானம் இதேதான்.

"இதை எழுதின ஆளு இன்னும் உயிரோட இருக்காரு, தெரியுமா?" என்பார் பெருமையாக.

"இன்னும் யாரும் அடிக்கலையா?" என்பாள் அவள்.

பாத்திரம் உருளும். மாடியில் யாரோ மேசையை இழுப்பார்கள். எங்கோ ரம்பம் அறுக்கும். அவளுக்குக் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"கொஞ்சம் இரேன். இப்ப காத்து வரும். காத்து முடிஞ்சதும் ஒரு எடம் இருக்கு. அதுக்கு மட்டும் வந்து உக்காரு."

"அடுப்புல வேலை இருக்கு."

அந்த இடம் வரும்போது முன்னறையிலிருந்து ஒரு சத்தமும் வராது. முடிந்துவிட்டது என்று நினைத்து, "ஏங்க, முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து கத்துவாள். சிறிது நேரம் கழித்து அவர் குரல் வரும். "இப்ப முடிஞ்சுடுச்சு."

நான்கு மாதமாகப் படுக்கையில் கிடந்தவர் ஒருமுறைகூட இதைப் போடச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடிக்காது என்பதாலா, கேட்கத் தெம்பில்லை என்பதாலா, தெரியாது. இன்று அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கூட உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டேன் என்று அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முன்பே சில்லிட்டிருந்தது. பெட்டியிலிருந்து முதலில் மரத்தை விரலால் தேய்க்கிற சத்தம் வந்தது. பிறகு யாரோ கம்பியைச் சுண்டினார்கள். தோல் மேல் எதையோ உருட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எழுந்து போகாமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது. பத்து நிமிடம் போனபின், ஒரு சத்தம் ஓய்ந்ததும் அடுத்தது எப்போது என்று தான் எதிர்பார்ப்பதைக் கவனித்தாள். வெட்கமாக இருந்தது.

பிறகு காற்று வந்தது.

குழல்களில் ராகமில்லாமல் வெறுமே ஊதினார்கள். ஸ்வரமே இல்லை, மூச்சு மட்டும்தான். ஒருவர் இழுக்க இன்னொருவர் விட்டார். பெட்டியிலும் மூச்சு, கட்டிலிலும் மூச்சு. கொஞ்ச நேரத்தில் எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் நின்றது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்தாள். அந்த இடத்தை அவர் அப்படித்தான் கேட்பார் போல. முடிந்ததா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் இவ்வளவு அமைதி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. அது இன்னும் கொஞ்சம் நீடித்தால் தேவலை என்றிருந்தது.

"நல்லா இருக்குங்க," என்றாள் மெதுவாக. "இந்த எடம் நல்லா இருக்கு."

பெட்டியில் பியானோவின் ஒரு கட்டை ஓங்கி ஒலித்தது. அதன் பின்னால் பதின்மூன்று பேரும் சேர்ந்து இரைந்தார்கள். அந்த இரைச்சல் கடைசிவரை அடங்கவில்லை. பெட்டி 'டிக்' என்று நின்றபோதுதான் கண்ணைத் திறந்தாள். அவர் வாய் முன்போலவே திறந்திருந்தது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

மூன்றேகாலுக்கு மகன் வந்தான். வாசலிலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துப் பையைத் தரையில் வைத்தான். அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். சட்டையை முகத்துக்கு இழுத்துத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி, திறந்திருந்த தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்தான். எல்லாம் செய்து முடித்த பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தான்.

"நாலு மணிக்கு வராராம்." அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "எப்பம்மா போனாரு?"

"தெரியல."

"பக்கத்துலதானே இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"டாக்டர் நேரம் கேப்பாரு. மூணு, மூணேகால்னு குத்துமதிப்பா சொல்லிக்கலாம்," என்றான்.

"வேணாம். இரு."

எழுந்துபோய் மறுபடி பொத்தானை அழுத்தினாள். மரத்தைத் தேய்க்கிற சத்தம் வந்தது.

"அம்மா. இப்பவா இதப் போடுவ?"

"இதுலதான்டா தெரியும்."

"என்ன தெரியும்?"

"பேசாம இரு. காத்து வர்ற வரைக்கும் இரு."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டான். லிஃப்ட் மெக்கானிக் அவன். "பேரிங் போன மோட்டார் மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தான். "எப்படித்தான் கேட்டாரோ மனுஷன்." தானே லேசாகச் சிரித்துவிட்டு உடனே கையால் வாயை மூடிக்கொண்டான்.

காற்று வந்தது.

மகன் விசுக்கென்று எழுந்தான். கட்டிலின் மேல் குனிந்து அவர் மார்பில் கை வைத்தான். "அம்மா, அப்பா மூச்சு..."

"அது பெட்டியிலடா."

அவன் கையை உடனே எடுக்கவில்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. அறை முழுக்க மட்டும் மூச்சு போய்வந்துகொண்டிருந்தது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். அவளுக்கு என்ன நடந்தது என்று இப்போது அவனுக்கும் புரிந்திருந்தது.

பிறகு அது நின்றது. அதே இடம். முதல் முறையும் இதே அளவு அமைதிதான் இருந்தது. கொஞ்சம்கூடக் கூடுதலாக ஒரு சத்தம் இல்லை. பெட்டியில் மூச்சு நின்றபோது கட்டிலிலும் மூச்சு இல்லை. இதற்குள்தான் அவள் பேசினாள்.

"பெட்டியில எவ்வளவு நிமிஷம் காட்டுது?"

"இருபத்திரண்டு நிமிஷம். எப்ப போட்ட?"

"நர்ஸ் எழுதிட்டுப் போனதும்."

தலைமாட்டுத் தாளைப் பார்த்தான். உதடு அசைந்தது. "அப்படின்னா மூணு ரெண்டுக்கு முன்னாடியே போயிருக்காரு."

பியானோக் கட்டை ஒலித்தது. அவன் எட்டி நிறுத்தினான்.

"நீ கையப் புடிச்சுக்கிட்டுதானே இருந்த. நிம்மதியாதான் போயிருப்பாரும்மா."

"நான் ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. டாக்டர் உக்கார எடம் பண்ணு."

நாலு மணிக்கு மேல் டாக்டர் மாடியேறி மூச்சு வாங்க வந்தார். வாசலிலேயே நின்று சுதாரித்துக்கொண்டு உள்ளே வந்தார். இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். மார்பில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார்.

"நல்ல மனுஷன்," என்றார். "பரிசோதனைக்குன்னு வந்துட்டு, கிளினிக் வாசல்ல சேர் ஆடுதுன்னு முதல்ல அதை சரிபண்ணினாரு. அவரு நம்பரைக் கூப்பிட்டப்புறமும் எந்திரிக்கல."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் பையிலிருந்து படிவத்தை எடுத்து, அடியில் கார்பன் தாளைச் செருகி, மடியில் பையின் மேல் வைத்துக்கொண்டார். வயதைக் கேட்டார். நோயை அவரே எழுதினார். தேதி போட்டார்.

"நேரம்?"

மகன் வாயைத் திறந்தான்.

"மூணு அஞ்சு," என்றாள் அவள்.

மகன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு, தரையில் கிடந்த மருந்துப் பையை எடுத்து அதன் வாயை மடிக்கத் தொடங்கினான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"மூணு அஞ்சு. சரிதானேம்மா?"

"சரிதான்."

டாக்டர் எழுதினார். மேல் தாளைத் தூக்கிக் கீழே பார்த்தார். அடித்தாளில் எல்லாம் பதிந்திருந்தது, நேரம் மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. தாளைச் சரியாக அடுக்கிவைத்துக்கொண்டு, மூன்றின் மேலும் ஐந்தின் மேலும் இன்னொரு முறை அழுத்தி எழுதினார். அவர் பேனாவை எடுக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.