செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் பார்க்கலாம்

எங்கள் கொசுவலைக் கம்பெனியில் சம்பள உயர்வுகளை இரண்டாவது மாடியில், ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் போய்ப் பார்க்கலாம். தொடக் கூடாது.

முதலாளி தங்கமுத்து சொல் தவறாதவர். சித்திரையில் உயர்வு தருகிறேன் என்பார். சித்திரை வந்ததும் போய் நின்றால், "பாக்கலாம் தம்பி" என்பார். ஒரு செவ்வாய்கூடப் பார்க்க விடாமல் இருந்ததில்லை. நான் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. என்னுடையது ஜன்னலோரம் நிற்கும். வெளிர் மஞ்சள் நிறம், ஓரளவு உயரம், சாதுவான சுபாவம். பக்கத்தில் நிற்கும் மானேஜருடையதற்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எனக்குப் பெண் கொடுக்க முன்வந்த பழனியப்பன் ஒரே நிபந்தனைதான் வைத்தார். உயர்வு கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அவர் மகள் சுகந்தியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சோறு இறங்கவில்லை. முதலாளியிடம் போனேன்.

"உயர்வை ஒரு நாள் பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

"அதெதுக்குத் தம்பி அலைச்சல்? அவங்கள இங்க வரச் சொல்லுங்க. எத்தன பேரு வந்தாலும் பாக்கலாம்."

பதினொரு பேர் பூ, பழத்தட்டோடு வந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் கம்பெனிச் செலவு என்று முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு காசை நான்தான் கொடுத்தேன். பழனியப்பன் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்.

"மாப்பிள்ளைய விட லட்சணமா இருக்குதுங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான்.

சுகந்தி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே உயர்வு கேட்டால் முதலாளியம்மா "சொல்றேன்" என்பார். ஆகவே அவளுடைய உயர்வைக் காதால் மட்டுமே கேட்க முடியும். அதைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல குரல். என்னுடைய உயர்வு வந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் நகரவே இல்லை.

"ரெண்டுக்கும் புடிச்சுப் போச்சுங்கப்பா," என்றாள் சுகந்தி.

ஜோசியர் உயர்வுகளுக்குப் பத்தில் ஒன்பது பொருத்தம் என்றார். எனக்கும் சுகந்திக்கும் நாலுதான். ஆகவே தை மாதம் அவற்றுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கண்ணுக்குத் தெரியாது என்பதால் குரல் வந்த பக்கமாகத் தாலி கட்டினார்கள். நானும் சுகந்தியும் வாசலில் நின்று பன்னீர் தெளித்தோம். எனக்கு அழுகை வந்தது. கண்ணில் பன்னீர் பட்டுவிட்டது என்றேன்.

"கொஞ்சம் தூக்கித் தெளிங்க," என்றாள் சுகந்தி. அவள் கண்ணிலும் பட்டிருந்தது.

ஐப்பசியில் தம்பதிக்கு ஒரு போனஸ் பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் நாங்கள் போயிருந்தோம். தொட்டிலில் கிடந்த போனஸ் என்னைப் பார்த்து "மாமா" என்றது. சுகந்தியைப் பார்த்து "அத்தை" என்றது.

பழனியப்பன் சற்று யோசித்தார்.

"மாமாவும் அத்தையும்னா புருசன் பொஞ்சாதிதானுங்களே? கொழந்தை சொன்ன முறைய நாம மாத்த முடியுங்களா?" என்றார்.

யாராலும் மாற்ற முடியவில்லை. அன்று சாயங்காலமே சுகந்தி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.