இரண்டாவது சூடு

மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில், புத்தூரில் என் அக்கா வியாகுலம்மாள் வீட்டுக் கொல்லையில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. தேங்காய் அளவு என்பாள் என் மகள் லிசி. பொன்மலை டீக்கடையில் நான் சொல்லச் சொல்ல அது யானைத் தலை அளவுக்கு வளர்ந்து, ஒரு முருங்கை மரத்தையும் அக்காவின் கோழிகளையும் பலிவாங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரானவனுக்கு வேறென்ன வேலை!

லிசி கல்லூரியில் பாறைகளை ஆராய்கிறவள். பிப்ரவரியில் கறிவேப்பிலை பறிக்கப் போனவள்தான் கல்லைக் கண்டெடுத்தாள். வெட்டிப் பார்த்தால் ஒலிவின், பைராக்சின் என்ற கனிமங்கள், நடுநடுவே நிக்கல் கலந்த இரும்பு. ஒரு காலத்தில் முழுக்க உருகி, பத்து லட்சம் வருஷத்துக்குச் சில டிகிரி என்ற கணக்கில் ஆறியதாம். லிசி அம்மாவின் கோபம் மட்டும்தான் அதைவிட மெதுவாக ஆறும். ஆனால் ஆறி முடித்த இரும்பு, இன்னொரு முறை சட்டென்று சூடேறிய அடையாளமும் இருந்தது. விண்வெளியில் ஏதோ மோதியிருக்க வேண்டும் என்று லிசி எழுதினாள். அவளுடைய முனைவர் பட்டமே அந்த இரண்டாவது சூட்டில்தான் நின்றது.

போன ஞாயிறு பூசை முடிந்து நானும் லிசியும் அக்கா வீட்டுக்குப் போனோம். நான் மோதலை வர்ணித்தேன்: இரண்டு மலைகள், இடி, திருவெறும்பூர் வரை தீப்பொறி.

மீன் கழுவிக்கொண்டே அக்கா கேட்டாள். "ஏன்டா பாக்கியநாதா, அது நம்ம பொங்கல் சூடா இருக்குமோ?"

"என்ன பொங்கல்?"

"லிசி கல்லை எடுத்த அந்த வருஷம், அதுக்கு முந்தின மாசப் பொங்கலுக்கு, அடுப்புக்கு மூணாவது கல் கிடைக்கல. கொல்லையில கெடந்த கறுப்புக் கல்லை வச்சுத்தான் பானை ஏத்துனேன்."

லிசியின் முகம் வெளுத்தது. "அத்தை, இதை ஏன் சொல்லவே இல்ல?"

"நீ எங்கடி கேட்ட? கண்டதும் தூக்கிட்டு ஓடுன."

"விறகுச் சூட்டுக்கு இரும்பு மாறுமா?" என்றேன்.

"மாறும்ப்பா."

"நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும். விடும்மா."

லிசி என்னைப் பார்க்கவே இல்லை. "எந்தப் பக்கம் தீயில இருந்துச்சு அத்தை?"

"பானையைப் பாத்தேன்டி. கல்லை யாரு பாத்தா?"

முருங்கை மரத்தடியில் நின்று லிசி தன் பேராசிரியருக்குப் போன் செய்தாள். "சார், அடுத்த வாரம் தீசிஸ் குடுக்க முடியாது. கல்லை மறுபடி வெட்டிப் பாக்கணும்." திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை.

மறுநாள் டீக்கடையில், தினமும் என் கதை கேட்கும் டோமினிக் கேட்டார். "என்னங்க, உங்க கல்லு விண்வெளியில ரெண்டு தடவை வெந்துச்சாமே?"

"ரெண்டாவது தடவை வெந்தது அக்கா வீட்டுப் பொங்கல் அடுப்புலயா இருக்கும்ங்க. கல்லும் தேங்காய் அளவுதான்."

டோமினிக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. "உங்களை மாதிரிப் புளுக யாராலயும் முடியாதுங்க!"